வீட்டில் பீர் காய்ச்சுதல்: முதல் முறை இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதிதாகப் பீர் காய்ச்ச நினைப்பவர்கள் முதலில் கேட்பது "நல்ல செய்முறை ஒன்று சொல்லுங்கள்" என்றுதான். செய்முறை கீழே இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் காய்ச்சியதில் எனக்குப் பிடிபட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பானை அடுப்பில் இருக்கும்போது தவறு நடந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அடுப்பை அணைத்த பிறகு நடக்கும் தவறைச் சமாளிப்பது கடினம். கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ இரண்டு கிராம் கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. சரியாகக் கழுவாத கரண்டி ஒன்று ஆறிய பானைக்குள் போனால், மூன்று வாரம் கழித்து ஒரு வாய் குடித்ததும் தெரிந்துவிடும். அதனால் அடுப்படி வேலைகளைச் சுருக்கமாகவும் அதற்குப் பிறகு வருபவற்றை நிதானமாகவும் எழுதியிருக்கிறேன்.

பீர் என்பது உண்மையில் என்ன?

முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், ஹாப்ஸ், ஈஸ்ட். இந்த நாலும்தான். பார்லியை நனைத்து முளைவிட வைத்தால், உள்ளே இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் அதில் உருவாகும். முளை வளர்ந்து அந்தச் சத்தைத் தின்றுவிடுவதற்குள் சூடேற்றி உலர்த்திவிடுவார்கள். அதுதான் மால்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகித் தண்ணீரில் இறங்கும். இந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். அப்போதுதான் அது பீர்.

வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி சரியா?

இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் மத்திய சட்டம் 1979 முதல் சொந்த உபயோகத்துக்கு அனுமதிக்கிறது. பிரிட்டனில் 1963-இல் உரிமக் கட்டாயம் நீங்கியது. ஜப்பானில் உரிமம் இல்லாமல் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் வரும்படி காய்ச்சக் கூடாது. சில நாடுகளில் மொத்தமாகவே தடை. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு, அனுமதி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அனுமதி உள்ள இடத்திலும் விற்பது வேறு விஷயம். அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

கண் பார்வை போய்விடும் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா?

அந்தப் பயம் காய்ச்சி வடிக்கும் சாராயத்திலிருந்தும் கலப்படத்திலிருந்தும் வந்தது. கண்ணைப் பறிப்பது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். பார்லி மால்ட்டில் நொதித்த பீரில் அது ஆபத்தான அளவு உருவாவதில்லை. ஆனால் பீரைச் சூடேற்றி ஆவியைப் பிடித்து வலுவான மதுவாக்கும் வேலையில் இறங்காதீர்கள். அது பெரும்பாலான நாடுகளில் குற்றம், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் நொதிக்க வைப்பது மட்டும்தான்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

காய்ச்சும் நாளில் மூன்று, நான்கு மணி நேரம். நொதிக்க இரண்டு வாரம். பாட்டிலில் அடைத்து மூடிய மறுநாளே வேலை முடிந்துவிடாது, அதற்கு இன்னும் இரண்டு வாரம். ஆக, இன்று தொடங்கினால் ஏறக்குறைய ஒரு மாதம்.

முதல் முறை எத்தனை லிட்டர் செய்யலாம்?

ஐந்து லிட்டர். செய்முறைகள் பெரும்பாலும் 20 லிட்டருக்கு எழுதப்பட்டிருக்கும், அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஐந்து லிட்டரைச் சமையலறை அடுப்பிலேயே கொதிக்கவைக்கலாம், பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே ஆறவைக்கலாம். வீணானாலும் மனம் உடையாது. முக்கியமாக, ஒரே பானையை நாலு மாதம் குடித்துக்கொண்டிருப்பதைவிட நாலு முறை காய்ச்சினால் நாலு மடங்கு கற்றுக்கொள்வீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

எட்டு முதல் பத்து லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பானை. உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோ ஏழு எட்டு லிட்டர் நொதிகலன், அதற்கு இறுக்கமான மூடி, மூடியில் ஏர்லாக் (உள்ளே உள்ள வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு). வெப்பமானி. திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் அதை மிதக்கவிடும் உயரக் குழாயும். கிராம் கணக்கில் காட்டும் சிறு தராசு. பீரைக் கசடு கலங்காமல் இறக்க ஒரு சைஃபன் குழாய். பாட்டில், மூடி, மூடி அழுத்தும் கருவி. அப்புறம் கிருமிநீக்கி.

இதில் எதை விட்டாலும் வெப்பமானியையும் ஹைட்ரோமீட்டரையும் விடாதீர்கள். புதியவர்கள் பளபளக்கும் பெரிய பானைக்குச் செலவு செய்துவிட்டு இந்த இரண்டையும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை இல்லாவிட்டால் பானைக்குள் என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பிளாஸ்டிக் கலன் வாங்கினால் உட்புறத்தைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் கிருமிகள் அதில் தங்கிவிடும். மென்மையான துணி போதும்.

மால்ட் எக்ஸ்ட்ராக்டா, தானியத்திலிருந்தா?

எக்ஸ்ட்ராக்ட் என்பது யாரோ ஒருவர் ஏற்கெனவே தயாரித்த வோர்ட்டை வற்றவைத்து, பாகாகவோ பொடியாகவோ கொடுப்பது. தானியத்திலிருந்து செய்வதென்றால், உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து நீங்களே வடிகட்டி எடுக்க வேண்டும். வெப்பம் இந்த எல்லைக்குள் கீழ்ப்பக்கம் இருந்தால் ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரை அதிகம் கிடைத்துப் பீர் இனிப்பில்லாமல் வறட்சியாக முடியும். மேல்பக்கம் இருந்தால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, வாயில் கனமாக இருக்கும். 75 டிகிரியைத் தாண்டினால் நொதிகள் வேகமாகச் செயலிழக்கும்.

தானியத்தில் செய்யும் சுகம் தனி. அந்த ஊறலின் மணத்துக்காகவே நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் முதல் இரண்டு முறை பொடி எக்ஸ்ட்ராக்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு மணி நேரக் கவனத்தைச் சுத்தத்துக்கும் ஈஸ்டுக்கும் கொடுத்தால் முதல் பீரே நன்றாக வரும்.

சரி, ஒரு செய்முறை சொல்லுங்கள்.

ஐந்து லிட்டர் பேல் ஏலுக்கு (அறை வெப்பத்தில் நொதிக்கும் வெளிர்நிறப் பீர் வகை): வெளிர்நிறப் பொடி மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 600 கிராம். கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 7 சதவீத அளவில் உள்ள ஹாப்ஸ் 15 கிராம். உலர்ந்த ஏல் ஈஸ்ட் 5 கிராம். ஒரு பாக்கெட்டில் சாதாரணமாக 11 கிராம் இருக்கும், மீதியைக் காற்றுப் புகாமல் மடித்துக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள்.

ஆறரை லிட்டர் தண்ணீரைச் சூடேற்றுங்கள். எக்ஸ்ட்ராக்ட் போடும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் படிந்து தீய்ந்துவிடும். கரைந்ததும் மறுபடி பற்றவையுங்கள். கொதி வரும் நேரத்தில் நுரை திடீரென்று மேலெழும்பும். பால் பொங்குவதைவிட வேகமாகப் பொங்கும், அந்த ஐந்து நிமிடம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். நுரை அடங்கியதும் 8 கிராம் ஹாப்ஸ் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு மணி நேரக் கொதி. முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மீதி 7 கிராம். மூடியை முழுதாக மூட வேண்டாம். வற்றி ஐந்து லிட்டர் சுமாருக்கு வரும். குறைந்தால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் நிரப்பிக்கொள்ளலாம்.

ஹாப்ஸை ஏன் இரண்டு தடவை போடுகிறோம்?

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. அதிலுள்ள மஞ்சள் பொடியில்தான் கசப்பும் மணமும் இருக்கின்றன. கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. நீண்ட நேரம் கொதித்து உருமாறினால்தான் கரையும். மணம் தரும் எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிப் போய்விடும். ஆகவே முதலில் போடுவது கசப்புக்கு, கடைசியில் போடுவது மணத்துக்கு. பாக்கெட்டில் ஆல்ஃபா சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். 14 சதவீத ஹாப்ஸ் கையில் இருந்தால் முதல் அளவைப் பாதியாக்குங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு விஷயம். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்துபோகவும் கூடும். வடிகட்டிய சக்கையை நாய்க்கு எட்டாத மூடிய தொட்டியில் போடுங்கள்.

குழாய்த் தண்ணீர் போதுமா?

குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் முதல் பீருக்குப் போதும். ஒரே சிக்கல் குளோரின். அது மால்ட்டிலும் ஈஸ்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்தால் மருந்து நெடி வரும், மிகச் சிறு அளவிலேயே தெரியும். வெறும் குளோரின் கொதிக்கவைத்தால் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. கார்பன் வடிகட்டித் தண்ணீரோ புட்டித் தண்ணீரோ பயன்படுத்தலாம். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் துளி அளவு சேர்த்தாலும் இரண்டும் நீங்கும்.

கழுவினால் போதாதா, கிருமிநீக்கம் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கழுவுதல் வேறு, கிருமிநீக்கம் வேறு. கழுவுவது கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுப்பது. கிருமிநீக்கம் கண்ணுக்குத் தெரியாததைக் கொல்வது. இரண்டும் வேண்டும், அதுவும் இந்த வரிசையில். பழைய பீர் காய்ந்து ஒட்டிய இடத்தில் எந்தக் கிருமிநீக்கியும் உள்ளே ஊடுருவாது.

ஆறிய வோர்ட் ஈஸ்டுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பாக்டீரியாக்களுக்கும் பிடிக்கும். இனிப்பு, ஈரம், இதமான வெப்பம். அடுப்பில் இருந்தவரை கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். அணைத்து ஆற ஆரம்பித்ததும் அதைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும்: கலன், மூடி, ஏர்லாக், புனல், வெப்பமானி, ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல், உங்கள் கை. கடைசி இரண்டைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

எதைப் பயன்படுத்தலாம்? பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிகள் இதற்கென்றே வருகின்றன. புட்டியில் சொன்ன அளவில் கலந்து, ஓரிரு நிமிடம் நனைந்திருக்க விட்டால் போதும். அந்த நுரை உள்ளே கொஞ்சம் தங்கினாலும் கெடுதல் இல்லை. அயோடின் கலவையும் நல்லது. வீட்டு பிளீச் வேலை செய்யும், ஆனால் நன்றாக அலச வேண்டும். அலசாவிட்டால் மேலே சொன்ன மருந்து நெடி. பிளீச்சை வினிகரோடோ வேறு அமிலத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

நான் ஒரு தெளிப்பான் புட்டியில் கிருமிநீக்கியை நிரப்பிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன். கை எதையாவது தொட்டதும் ஒரு தெளிப்பு. சந்தேகம் வந்தால் இன்னொரு தெளிப்பு. இந்தப் பழக்கம் வந்த பிறகு என் பீர் ஒன்றுகூடப் புளித்துப்போனதில்லை.

கொதித்த பானையை எப்படி ஆறவைப்பது?

தொட்டியில் குளிர்ந்த நீரும் ஐஸும் நிரப்பிப் பானையை மூடியோடு இறக்குங்கள். வெளி நீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருந்தால் ஐந்து லிட்டர் அரை மணி நேரத்துக்குள் 20 டிகிரிக்கு வந்துவிடும். வோர்ட்டுக்குள் ஐஸ் போடாதீர்கள்.

ஈஸ்டை எப்போது, எப்படிப் போடுவது?

வோர்ட் 20 டிகிரி வந்த பிறகு. கையால் தொட்டு "ஆறிவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். தொட்டால் இதமாக இருப்பது 30 டிகிரிக்கு மேல் இருக்கலாம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது, ஆனால் தறிகெட்டு வேலை செய்யும். நெயில் பாலிஷ் நீக்கியை நினைவூட்டும் நெடியும் தலைவலி தரும் காட்டமான ஆல்கஹால்களும் வரும். என் முதல் பானையை நான் கெடுத்தது இப்படித்தான். இரவாகிவிட்டது, தூக்கம் வந்தது, 29 டிகிரியிலேயே ஈஸ்டைப் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் நுரை மூடியையே தள்ளிக்கொண்டு வந்திருந்தது. அப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். குடிக்கும்போதுதான் புரிந்தது.

கலனுக்கு மாற்றும்போது உயரத்திலிருந்து ஊற்றி நன்றாக நுரைக்க விடுங்கள். ஈஸ்ட் பெருக முதலில் ஆக்சிஜன் தேவை. பீர் காற்றை விரும்பும் ஒரே நேரம் இதுதான். பிறகு ஈஸ்டை மேலே தூவினால் போதும். சற்று நேரம் மிதக்கும், பொடியின் ஓரங்கள் நனைந்து பாலாடைபோல் விரியும், அப்புறம் ஒவ்வொரு இழையாகக் கீழே இறங்கும். கலக்க வேண்டியதில்லை. மூடி, ஏர்லாக்கில் கொஞ்சம் கிருமிநீக்கியை ஊற்றி, வெயில் படாத மூலையில் வைத்துவிடுங்கள்.

ஈஸ்ட் ஓர் உயிர் என்பதே வெகுகாலம் தெரியாது. ஜெர்மனியின் பவேரியாவில் வந்த புகழ்பெற்ற 1516-ஆம் ஆண்டுக் கட்டளை பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே இருக்கலாம் என்றது, ஈஸ்டைச் சொல்லவே இல்லை. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தன் ஆய்வை நூலாக வெளியிட்டது 1876-இல். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காய்ச்சலுக்குக் கொடுத்தது 1883-இல். நீங்கள் கத்தரிக்கும் பாக்கெட் அந்த வேலையின் வழி வந்ததுதான்.

ஏர்லாக்கில் குமிழியே வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?

ஒரு நாள் ஆகட்டும். உலர்ந்த ஈஸ்ட் வேலையைக் காட்ட 12 முதல் 24 மணி நேரம் எடுப்பது சகஜம். அதற்குப் பிறகும் குமிழி இல்லையென்றால் பெரும்பாலும் மூடி வழியாக வாயு கசிகிறது. டார்ச் அடித்து வெளியிலிருந்தே பாருங்கள். மேலே நுரை வளையம் தெரிந்தால் எல்லாம் சரி. மூன்று நாளாகியும் நுரையும் இல்லை, அடர்த்தியும் குறையவில்லை என்றால் புதிய ஈஸ்ட் போடுங்கள்.

குமிழி நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். குமிழி வெறும் அறிகுறி. சாட்சி ஹைட்ரோமீட்டர்தான்.

மேலே பழுப்பாக, அசிங்கமாக ஏதோ படர்ந்திருக்கிறதே?

அது பெரும்பாலும் ஈஸ்ட் நுரையும் ஹாப்ஸ் பிசினும். மூன்றாம் நாள் அதன் கோலம் உண்மையிலேயே பயமுறுத்தும். ஒரு வாரத்தில் தானாக இறங்கிவிடும். பஞ்சுபோல மயிர் முளைத்த பச்சை, கறுப்பு, நீலத் திட்டுகள் என்றால் பூஞ்சை. அதைக் கொட்டிவிடுங்கள், சுரண்டி எடுத்துவிட்டுக் குடிக்க நினைக்காதீர்கள்.

நொதிக்கும்போது எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும்?

ஏல் ஈஸ்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். முதல் மூன்று நாள்தான் சுவை உருவாகும் நாட்கள், அப்போது வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி. நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும். அறை 22 டிகிரி என்றால் கலனுக்குள் ஓரிரு டிகிரி கூடவே இருக்கும். அறை சூடாக இருந்தால் கலனை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, காலை மாலை உறைந்த நீர்ப் புட்டியை மாற்றி மாற்றிப் போடுங்கள். கலனைச் சுற்றி ஈரத் துணி போர்த்தி மின்விசிறி வைத்தாலும் சில டிகிரி இறங்கும். சூட்டைத் தாங்குவதற்கென்றே உள்ள ஈஸ்டுகளும் உண்டு. நார்வேயின் க்வைக் வகை 30 டிகிரிக்கு மேலும் சுத்தமான சுவை தரும். குளிர்ச்சிக்கு வழியே இல்லாதவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு.

குளிரில் நொதிக்கும் லாகர் வகைப் பீரின் ஈஸ்டுக்கு 8 முதல் 13 டிகிரி வேண்டும், பிறகு வாரக்கணக்கில் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். குளிர்பெட்டியை அதற்கென்றே ஒதுக்க முடிந்தால் பார்க்கலாம். முதல் பீருக்கு வேண்டாம்.

ஹைட்ரோமீட்டரை எப்படிப் படிப்பது? ஆல்கஹால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தியானது. வெறும் நீர் 1.000 என்றால், மேலே சொன்ன வோர்ட் 1.045 சுமாருக்கு இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கி 1.010 அருகில் நிற்கும். தொடக்க எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.045 இலிருந்து 1.010 போனால் 0.035. பெருக்கினால் 4.6 சதவீதம்.

படிக்கும்போது கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கருவியை லேசாகச் சுழற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் குமிழிகள் விலகும். பெரும்பாலான கருவிகள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, சூடான வோர்ட்டில் பார்த்தால் எண் குறைவாகக் காட்டும். பார்த்து முடித்த மாதிரியைக் கலனில் திருப்பி ஊற்றாமல் குடித்துப் பாருங்கள். வாயு இல்லாமல் தட்டையாக இருந்தாலும் பீர் எங்கே போகிறதென்று அது சொல்லும்.

எப்போது பாட்டிலில் அடைக்கலாம்?

இரண்டு வாரம் கழித்து ஒரு அளவு, மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்து, எதிர்பார்த்த இறுதி எண்ணுக்கு அருகிலும் இருந்தால் அடைக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

பாட்டிலுக்குள் வாயு ஏற, மிச்சமிருக்கும் ஈஸ்டுக்குத் தின்னக் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் பீருக்கு 6 கிராம் சர்க்கரை என்பது பேல் ஏலுக்கு நல்ல கணக்கு. நாலரை லிட்டர் கிடைத்தால் 27 கிராம். அதைக் கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கிருமிநீக்கம் செய்த இன்னொரு பாத்திரத்தின் அடியில் ஊற்றுங்கள். அதன் மேல் பீரைச் சைஃபன் குழாயால் சத்தமில்லாமல் இறக்குங்கள். குழாயின் முனை எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். இப்போது காற்றுப் பட்டால் சில வாரங்களில் நனைந்த அட்டை வாசம் வந்துவிடும். பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி இரண்டு விரல் அளவு இடம் விட்டு மூடுங்கள். பிறகு இரண்டு வாரம் 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்தில் நிற்கட்டும். முன்கூட்டியே குளிர்பெட்டியில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், வாயு ஏறாது.

பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காரணம் பெரும்பாலும் இரண்டு: நொதித்தல் முடியுமுன் அடைப்பது, சர்க்கரையைக் கண்ணளவில் போடுவது. அடர்த்தி 0.004 கூடுதலாக இருக்கும்போது அடைத்தால், லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை உள்ளே மிச்சம் இருக்கிறது என்று பொருள். நீங்கள் வேண்டுமென்றே சேர்க்கும் 6 கிராமைவிட அது அதிகம். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி தாங்காது.

எனக்கு ஒரு முறை நடந்தது. அலமாரிக்குள் இரண்டு பாட்டில்கள் அடுத்தடுத்து வெடித்தன. யாரும் அருகில் இல்லை. ஆனால் கண்ணாடித் துண்டு ஒன்று அலமாரிக் கதவின் பலகையில் குத்தி நின்றதைப் பார்த்த பிறகு, இரண்டாவது அளவை எடுக்காமல் நான் அடைப்பதே இல்லை.

முதல் முறை சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்றிரண்டையாவது நிரப்புங்கள். அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. அடைத்த அன்று கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். நாலைந்து நாளில் பாட்டில் விறைக்கும். பத்து நாளில் கல்போல ஆகும். கண்ணாடிப் பாட்டில்களுக்குள் என்ன நடக்கிறதென்பதை அந்த விரல் சொல்லிவிடும். கண்ணாடி என்றால் பீருக்கென்று செய்த, கனமான பாட்டில்களை மட்டும் எடுங்கள். திருகு மூடிப் பாட்டிலில் அழுத்து மூடி சரியாகப் பிடிக்காது. பாட்டில்களை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அளவுக்கு மீறி இறுகியதாகத் தெரிந்தால் தடித்த துணி சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புப் போட்டு, குளிரவைத்துத் திறவுங்கள்.

சுவை சரியில்லை. எங்கே தவறியிருப்பேன்?

நாக்கே நல்ல துப்பறிவாளர். வெண்ணெய் வாசம் என்றால் நொதிக்கும்போது உருவாகும் டைஅசிட்டைல் என்ற பொருள், ஈஸ்டைச் சீக்கிரம் பிரித்துவிட்டீர்கள், இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் தின்றிருக்கும். பச்சை ஆப்பிள் வாசத்துக்கும் அதே அவசரம்தான் காரணம். வேகவைத்த சோள வாசம் வந்தால் கொதி வலுவாக இல்லை அல்லது பானையை மூடிவைத்திருக்கிறீர்கள். மருந்து நெடி குளோரின். நனைந்த அட்டை காற்று. கூர்மையான புளிப்பு என்றால் கிருமி புகுந்திருக்கிறது. கிருமிநீக்கம் பற்றிய பதிலை மறுபடி படித்து, குழாய்களையும் ஏர்லாக் ரப்பரையும் மாற்றிவிடுங்கள்.

காரமான துர்வாடை வந்தால் ஒளி பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தக வாடை தரும். வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் அவ்வளவாகத் தடுக்காது.

அடியில் படிந்திருக்கும் வண்டலைக் குடிக்கலாமா?

அது ஈஸ்ட். கெடுதல் இல்லை, சிலருக்கு வயிறு உப்பும். பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்திக் குளிரவைத்து, ஒரே மூச்சில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கடைசி விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். தேதி, எடை, ஈஸ்ட் போட்டபோது இருந்த வெப்பம், இரண்டு அடர்த்தி எண்கள், குடித்தபோது தோன்றியது. இவ்வளவு போதும். சிறிய மாதிரிகளை வைத்து முடிவெடுக்கப் புள்ளியியலில் பயன்படும் டி-சோதனையை 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட வில்லியம் கோசெட், கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909-இல் கொண்டுவந்த சோரன்சன், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துக்காரர். பீர் காய்ச்சியவர்கள் அளந்தும் எழுதியும் வைத்ததில் உலகத்துக்கே பலன் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது எதைச் செய்தது என்று தெரியும்.

கலனின் அடியில் தங்கிய ஈஸ்டை அடுத்த பீருக்குப் பயன்படுத்தலாமா?

பீர் நன்றாக வந்திருந்தால் தாராளமாக. பாட்டிலில் அடைக்கும் அன்றே, கிருமிநீக்கம் செய்த கண்ணாடிக் குப்பியில் அந்தக் கூழை எடுத்து, மூடியை இறுக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். இறுக்கினால் உள்ளே வாயு சேரும். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஐந்து லிட்டருக்கு நாலைந்து மேசைக்கரண்டி போதும். போடும் முன் முகர்ந்து பாருங்கள். மாவு புளித்ததுபோன்ற இதமான வாசம் இருக்க வேண்டும். அழுகிய வாடையோ கூர்மையான புளிப்போ இருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிய பாக்கெட்டைக் கத்தரியுங்கள். கத்தரிக்கோலுக்கு ஒரு தெளிப்பு கொடுத்துவிட்டு.